உட்கார்ந்த இடமும் ஏறுகிற சுகரும்: வாசகர் கேள்வி – பதில்

நீரிழிவு பற்றி இம்முறை வந்த கடிதங்களில் குமரி மாவட்டத்துக் கடிதங்களே அதிகம். தையல் மிஷின், அண்டி ஆபீஸ் (முந்திரிப்பருப்பு ஆலை), பஸ் ஸ்டியரிங், பூக்கட்டும் தரை என்று இடம் மாறினாலும், எல்லாவற்றிலும் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருக்கிறார். அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: வயது 48. தினமும் காலையில் அண்ணா ஸ்டேடியத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வெறும் வயிற்றில் 118. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 210, 220. கணக்கு எழுதும் வேலை. ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை வரை நாற்காலிதான். இவ்வளவு நடந்தும் பயன் இல்லையா? (நாகர்கோவில்)

பதில்: நடந்தது வீண் போகவில்லை. வெறும் வயிற்று அளவு 118-இல் நிற்பதில் அந்தக் காலை நடைக்கும் பங்கு உண்டு. ஆனால் காலை ஆறு மணிக்கு நடந்த நடை, மதியம் ஒன்றரை மணிச் சோற்றுக்கு முழுக் காவல் நிற்காது.

நாஞ்சில் நாட்டில் இதை மடையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். சோறு செரித்து ரத்தத்துக்கு வரும் குளுக்கோஸ் கால்வாய்த் தண்ணீர் என்றால், அதில் பெரும் பங்கைக் குடிக்கிற வயல் நம் தசை. தசை அணுக்களுக்குள் ‘குளூட்-4’ என்று ஒரு புரதம் இருக்கிறது. இன்சுலின் வந்து சொன்னால் அது அணுவின் விளிம்புக்கு வந்து குளுக்கோஸுக்கு மடை திறக்கும். டைப் 2 நீரிழிவில் இன்சுலின் சொல் அவ்வளவாக எடுபடுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினைக் கேட்காமலேயே அதே மடை திறக்கிறது. நீரிழிவு வந்தவர்களுக்கும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் உடம்பின் பெரிய தசைகளான தொடையும் புட்டமும் ஓய்ந்துபோகும். கால்வாய் நிரம்பி வரும் நேரம் பார்த்து மடை மூடிக் கிடக்கிறது. உங்கள் 220-இல் பெரும் பகுதி அந்த நேரத்துக் கணக்கு.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நோயில்லாத 70 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள், 2013-இல் வெளிவந்தது. ஒரு நாள் ஒன்பது மணி நேரமும் உட்கார்ந்தே இருந்தார்கள். இன்னொரு நாள் அரை மணி நேரம் நடந்துவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து 1 நிமிடம் 40 நொடி நடந்தார்கள். கூட்டிப் பார்த்தால் அதுவும் 30 நிமிட நடைதான். ஆனால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையும் இன்சுலினும் நன்றாகக் குறைந்தது மூன்றாவது நாளில். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புக்கு மட்டும் ஒரே மூச்சில் நடந்த நாள் மேலாக இருந்தது. ஆகவே ஸ்டேடியத்தை விட்டுவிட வேண்டாம். அதோடு இதையும் சேருங்கள்.

டைப் 2 நீரிழிவு உள்ளவர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 24 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். வேகம் மணிக்கு 3.2 கிலோமீட்டர், பிரகாரம் சுற்றுகிற வேகம்தான். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது. இந்தச் சதவீதத்தைத் தப்பாகப் படித்துவிடக் கூடாது. 220-இல் 39 சதவீதம் கழியாது. சாப்பிடும் முன் 120, பின் 220 என்றால் ஏற்றம் 100. கழிவு அந்த நூறில்தான். அதுவும் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க அரைமணி தவறாமல் ஆளை எழுப்பிவிட்ட கணக்கு. வேலைக்கு நடுவில் அதில் பாதிதான் நடக்கும். 20, 30 புள்ளி இறங்கினாலே நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க முடியாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்திய இரண்டு மணி நேரத்தை மட்டும் பிடியுங்கள். ஒன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தால், கை கழுவிவிட்டுப் பத்து நிமிடம் வராந்தாவில் நடை. பிறகு 2.30, 3.00, 3.30-க்கு எழுந்து மும்மூன்று நிமிடம். மூன்று நிமிடம் என்பது சுமார் 160 மீட்டர். மாடிக்கு ஒருமுறை போய் வருவதும் கணக்கில் சேரும். செல்போனில் அலாரம் வைக்கலாம்தான், பத்து நாளில் அது காதில் விழாமல் போய்விடும். ஒரு லிட்டர் பாட்டிலை ஒழித்துவிட்டுக் கால் லிட்டர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தால், டம்ளரும் சிறுநீர்ப்பையும் மாறி மாறி எழுப்பிவிடும். அந்த அலாரத்தை அணைக்க முடியாது.

மருந்து சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிடவில்லை என்றால், 200-க்கு மேல் அடிக்கடி காட்டுவதை லேபில் உறுதி செய்தாக வேண்டும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. மருந்து எடுத்தும் இந்த அளவு என்றால், சாப்பிட்ட பின் 180-க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலோருக்கான இலக்கு. அதை எட்ட நடை மட்டும் போதாமல் போகலாம்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். மிதி மிஷினுக்கு மோட்டார் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்துதான் சுகர் ஏறுகிறது என்று தோன்றுகிறது. மோட்டாரைக் கழற்றி விடவா? (தக்கலை)

பதில்: எல்லாப் பழியையும் மோட்டார் மேல் போட முடியாது, இரண்டு வருடம் வயதும் ஏறியிருக்கிறது. ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதில் ஞாயம் இருக்கிறது. மிதி மிஷினில் கெண்டைக்கால் தசை நாள் முழுக்கச் சிறுசிறு வேலை செய்துகொண்டே இருந்தது. மோட்டார் வந்ததும் ஒரு பாதம் பெடலைத் தொட்டுக்கொண்டிருப்பதோடு சரி.

மோட்டாரைக் கழற்ற வேண்டாம், தொழில் போய்விடும். பழைய மிதி மிஷின் இன்னும் இருந்தால் ஓரம் மடித்து அடிப்பது, ஆல்ட்ரேஷன் போன்ற சில்லறை வேலைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி அதில் செய்யுங்கள். துணி வெட்டுவதையும் இஸ்திரி போடுவதையும் அந்த நேரத்துக்கே தள்ளலாம். இரண்டும் நின்று நகர்ந்து செய்கிற வேலை.

கடையைக் கொஞ்சம் வசதி இல்லாமல் ஆக்குவதும் பயன் தரும். நூல், பட்டன், கத்தரி எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி இருப்பதுதான் நல்ல டெய்லருக்கு அழகு. நூல் பெட்டியை மட்டும் எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்தாக வேண்டும். போய் எடுத்ததும் உடனே உட்காராமல் கடை வாசல் வரை இரண்டு நடை போட்டுவிட்டு வாருங்கள். பாபினை நாலைந்தாகச் சுற்றி மேஜையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இது பலிக்காது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஒரே இருப்பில் பன்னிரண்டு மணி நேரம் போகும். அந்த இரண்டு வாரத்தில் சுகர் ஏறினால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அண்டி ஆபீஸில் பருப்புத் தோல் உரிக்கிறேன். கூலி கிலோக் கணக்கு. அரை மணிக்கு ஒருதரம் எழும்பி நடக்கணும் என்று டாக்டர் சொல்லுகிறார். எழும்பினால் காசு போகும். உட்கார்ந்தபடியே செய்ய ஏதாவது உண்டா? (கருங்கல்)

பதில்: கணக்கில் தப்பில்லை. எட்டு மணி நேர வேலையில் அரை மணிக்கு மூன்று நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 48 நிமிடம் போகும். கிலோக் கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல. எனவே இரண்டு வழிகளைச் சேர்த்துச் சொல்கிறோம்.

முதல் வழி, எப்படியும் எழுந்தாக வேண்டிய நேரங்களைப் பலதாக்குவது. உரிக்க வேண்டிய பருப்பைப் பெரிய தட்டாக ஒரே தடவை வாங்காமல் பாதிப் பாதியாக வாங்குங்கள். எடை போடப் போவதையும் இரண்டாகப் பிரியுங்கள். வேலையில் குறை வராது, எழும் எண்ணிக்கை இரட்டிப்பாகும். எழுந்த இடத்திலேயே முழங்கையை மேஜையில் தாங்கிக்கொண்டு 20 நொடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். அடுத்த 20 நொடி நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி அரைவாசி குனிந்து நிமிருங்கள். அடுத்த 20 நொடி முழங்காலை மாற்றி மாற்றி இடுப்பு வரை தூக்குங்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் நடைக்குப் பதிலாக இந்த மாதிரி அசைவுகளை மூன்று நிமிடம் செய்தவர்களுக்கும் நடந்தவர்களுக்குச் சமமான பலன் கிடைத்தது. ஒரு நிமிடத்தில் பலன் குறைவுதான். ஆனால் கூலியும் பார்க்க வேண்டுமே. சாப்பாட்டு இடைவேளை உங்களுடையது. சாப்பிட்டு மிச்சமிருக்கும் நேரத்தை மதிலோரம் நடந்தே கழியுங்கள்.

இரண்டாவது வழி உட்கார்ந்தபடி செய்வது. கெண்டைக்காலின் உள்ளே ‘சோலியஸ்’ என்று ஒரு தட்டையான தசை இருக்கிறது, சீக்கிரம் களைக்காது. பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க, முன்பாதத்தை எடுக்காமல் குதிகாலை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூக்கி, பிறகு தானாக விழ விடுங்கள். இப்படியே தொடர்ந்து. அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை மணிக்கணக்காகச் செய்யவைத்துப் பார்த்ததில் குளுக்கோஸ் ஏற்றம் பாதியாகக் குறைந்ததாக 2022-இல் எழுதினார்கள். அந்தச் செய்தி வீடியோவாகிப் பெரிதாகச் சுற்றியது. அதில் விட்டுப்போன விஷயம், தசையின் மின் அலைகளைப் பார்க்கும் கருவியைப் பொருத்திச் சரியாகச் செய்யப் பழக்கிய பிறகு எடுத்த கணக்கு அது. வீட்டில் சும்மா காலை ஆட்டுவதற்கு அந்தப் பலன் கிடைக்காது. குதிகால் முழு உயரம் போகாமல் வேகமாக ஆடினால் அது வெறும் காலாட்டம். தரைப்பலகையில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தால் இது வரவே வராது. முழங்கால் நாற்காலி மடிப்பில் நிற்கும் அளவுக்கு, 40 – 45 சென்டிமீட்டர் உயர ஸ்டூல் வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். எடுத்தவுடன் ஒரு மணி நேரம் செய்தால் மறுநாள் கால் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றேதான் வேலை. நான் உட்காருவதே இல்லை. அப்படியும் சுகர் ஏன்? (மார்த்தாண்டம்)

பதில்: நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல. அசையாமல் நிற்கும்போது தசைகள் உடம்பைத் தாங்குகின்றன, மாறி மாறிச் சுருங்கி விரிவதில்லை. உட்காருவதோடு ஒப்பிட்டால் நிற்பதில் சர்க்கரை கொஞ்சம் குறைகிறது. மெதுவான நடை அதைவிடத் தெளிவாகக் குறைக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றால் கால் வீக்கமும் நரம்பு சுருட்டலும்தான் மிச்சம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் துணி மடிப்பதை ஒரே இடத்தில் செய்யாமல் அலமாரிக்கும் மேஜைக்கும் நடந்து செய்யுங்கள். நடுவில் பத்து நிமிடம் காலைத் தூக்கி வைத்து உட்காரவும் வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. மத்தியானம் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் தின்றுவிட்டு, உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்று படுத்துவிடுவார். சாப்பிட்டதும் நடந்தால் செரிக்காது என்கிறார். உண்மையா? எத்தனை நிமிடம் கழித்து நடக்க வேண்டும்? (குலசேகரம்)

பதில்: ஓடினால் செரிமானம் கெடும், ரப்பர் தோட்டத்து மேட்டில் மூச்சு வாங்க ஏறினாலும் கெடும். பேசிக்கொண்டே நடக்கிற நடையில் கெடாது.

முதல் வாய் உணவிலிருந்து கணக்கிட்டால் பெரும்பாலோருக்கு 60 முதல் 90 நிமிடத்துக்குள் சர்க்கரை உச்சம் தொடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் தள்ளிப் போவதும் உண்டு. உச்சத்தைத் தொட்ட பிறகு நடப்பதைவிட, ஏறிக்கொண்டிருக்கும்போதே நடப்பது நல்லது. ஆகவே சாப்பிட்டு முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து 10 முதல் 15 நிமிடம் முற்றத்தைச் சுற்றட்டும். பிறகு தாராளமாகச் சாய்ந்துகொள்ளலாம்; தூக்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒட்டாகோவின் இன்னொரு ஆய்வில் (2016) நீரிழிவு உள்ள 41 பேரில், நினைத்த நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் எடுத்தால் 22 சதவீதம். காரணம், மாவுச்சத்தை அதிகம் தின்பதும் அதன்பின் அசையாமல் கிடப்பதும் அந்த வேளையில்தான். உங்கள் அப்பாவுக்கு அந்த வேளை மத்தியானம் போலிருக்கிறது.

மரச்சீனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 200 கிராம் அவித்த கிழங்கில் சுமார் 60 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பதினைந்து நிமிட நடையால் அதை ஈடுகட்ட முடியாது. கிழங்கைப் பாதியாக்கி மீனை இரட்டிப்பாக்கினால் நடைக்குச் செய்ய வேண்டிய வேலையும் பாதியாகும். மீனையும் தோரனையும் முதலில் தின்றுவிட்டுக் கிழங்கைப் பிறகு தொடுவது இன்னும் நல்லது. கிழங்கு தின்ற பிறகு சீனி போட்ட சாயா வேண்டாம்.

யாருக்கு இந்த நடை கூடாது? சாப்பிட்டு நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, தாடையோ இடது கையோ வலிக்கிறது என்றால் நிறுத்திவிட்டு அன்றே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது ‘வாயு’ அல்ல. வயதானவர்கள் சிலருக்குச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறங்கும். அவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நடக்கட்டும்.

கேள்வி: வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. இப்படி எழுந்து எழுந்து நடப்பது எனக்குப் பலன் தருகிறதா என்று நானே பார்க்க முடியுமா? (குளச்சல்)

பதில்: முடியும், கொஞ்சம் ஒழுங்காகச் செய்தால். ஒரே சாப்பாடு, இரண்டு நாள். உதாரணமாகத் திங்களும் புதனும் காலையில் அதே மூன்று தோசை, அதே சட்னி, அதே நேரம், அதே மாத்திரை. திங்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். புதன்கிழமை அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடம் நடங்கள். இரண்டு நாளும் சாப்பிடும் முன், முதல் வாய் வைத்து ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து என்று மூன்று முறை பாருங்கள். அடுத்த வாரம் நாட்களை மாற்றிப் போடுங்கள். மூன்று வாரம் செய்தால் 18 ஸ்ட்ரிப் செலவாகும்; அதற்குள் ஒரு போக்கு தெரிந்துவிடும்.

ஒரே நாள் வித்தியாசத்தை நம்ப வேண்டாம். வீட்டு மீட்டர்களுக்கு 15 சதவீதம் முன்பின் காட்ட அனுமதி உண்டு. 180 என்று காட்டினால் உண்மை 160 ஆகவும் இருக்கலாம், 205 ஆகவும் இருக்கலாம். மூன்று வாரமும் நடந்த நாள் 20, 30 குறைந்தே வருகிறது என்றால் அது நடையின் பலன்.

பெரும்பாலான தவறு கையில்தான். மட்டிப்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் 140 இருப்பவருக்கு 250 காட்டும். சானிடைசர் ஈரம் காயும் முன் குத்தினாலும் அளவு கெடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் வலி அதிகம். ரத்தம் வரவில்லையென்று பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறும். கையைத் தொங்கவிட்டு ஆட்டினால் போதும். குளச்சல் கடற்காற்றில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைப்பது தனித் தவறு. ஈரம் பட்ட ஸ்ட்ரிப் பொய் சொல்லும். ஒன்றை எடுத்ததும் மூடுங்கள், திறந்த தேதியை டப்பாவில் எழுதுங்கள். இன்னொன்று, சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் பார்ப்பது, லேபில் ரத்தக்குழாயில் எடுப்பதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் குழம்ப வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர்களிடம் இந்தத் தாளைக் காட்டலாம். மருத்துவரிடம் போகும்போதும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 72 வயது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். நடக்கச் சொன்னார்கள் என்று சாயங்காலம் ரத வீதியைச் சுற்றி வந்ததில் வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார்கள். நடையை நிறுத்தி விடலாமா? (சுசீந்திரம்)

பதில்: நடையை நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த நடைக்கு முன் இதைச் சரி செய்ய வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது சர்க்கரை இறங்கியதற்கான அடையாளம். மெட்ஃபார்மின் தனியாக இதைச் செய்வது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும்தான் செய்யும். மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு அரை மணி நேரம் நடந்திருப்பார்கள். அதே அரை மணியை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடமாக வைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும், பலனும் கூடும்.

நடக்கும் முன் மீட்டரில் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு மட்டிப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ தின்றுவிட்டுப் போகட்டும். நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் மூன்று டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு கொஞ்சம் சோறோ இட்லியோ. சாக்லேட்டும் பால் இனிப்பும் உதவாது, அவற்றின் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயரும் இருந்தால் சீனியும் மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடால் வந்த தாழ்வு சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம், அன்று இரவு தனியாக விட வேண்டாம். நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். 72 வயதில் அந்த மாத்திரையின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வாய்ப்பு உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உட்கார்ந்து எழுந்ததும் வருகிற கிறக்கம் வேறு. அது ரத்த அழுத்தம் இறங்குவது. எழும் முன் பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்து, எழுந்ததும் எதையாவது பிடித்து அரை நிமிடம் நிற்கட்டும்.

பாதத்தையும் பாருங்கள். கோயிலுக்குள் செருப்பில்லாமல்தான் போவார்கள்; மத்தியான வெயிலில் கல் தளம் பொரியும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுட்டது தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் தெரியும். வெயிலுக்கு முன்போ அந்திக்குப் பிறகோ போகட்டும். வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி: பூக்கட்டும் வேலை. விடிகாலையிலிருந்து தரையில்தான் இருக்கிறோம். தரையில் உட்காருவது நாற்காலியைவிட நல்லது என்கிறார்கள், சரிதானா? (தோவாளை)

பதில்: பாதி சரி. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களும் ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் அசையாமல்தான் இருக்கிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அவர்கள் அதில் கணிசமான நேரம் குத்துக்கால் வைத்து இருக்கிறார்கள். அப்போது கால் தசை நாற்காலியில் இருப்பதைவிட அதிகம் வேலை செய்கிறது. சம்மணம் போட்டு மூன்று மணி நேரம் மாலை கட்டினால் அந்த லாபம் கிடையாது. கையூன்றாமல் தரையிலிருந்து எழுந்து உட்காருவது நல்ல தசைவேலை. பூக்கூடையைத் தள்ளி வைத்து அதற்காக எழுந்தால் உண்டு. மூட்டுவலி இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: திருவனந்தபுரம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறேன். எனக்கு ஏது நடை? (நாகர்கோவில்)

பதில்: உட்காருவதன் கேடு பற்றிய பழைய ஆய்வே உங்கள் தொழிலில்தான் தொடங்கியது. லண்டன் இரட்டை மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் எழுதினார். டிப்போவில் சாயாக்கடை பெஞ்சில் உட்காரும் முன் வண்டியை ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். டயரையும் பார்த்தாயிற்று, 150 மீட்டரும் ஆயிற்று. வயிறு நிறையத் தின்றவுடன் ஸ்டியரிங்கில் ஏறி இரண்டு மணி நேரம் இருப்பதுதான் மோசமான சேர்க்கை. வண்டி எடுக்க 20 நிமிடம் முன்பாகவே சாப்பிட்டு முடியுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்தால், ஓட்டும் முன் மீட்டர் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ராத்திரி சாப்பிட்டு எங்கே நடக்க? (பேச்சிப்பாறை)

பதில்: வீட்டுக்குள்ளேயே. அடுக்களையிலிருந்து முன்னறை வரை பத்து மீட்டர் இருந்தால் எட்டுத் தடவை போய் வந்தால் 160 மீட்டர். டிவி பார்ப்பவர் என்றால் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து, கருங்கல் வாசகிக்குச் சொன்ன மூன்று அசைவுகளையும் செய்யலாம். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் இதற்கெல்லாம் இடமே இல்லை. சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் தரை ஓடு ஈரமாகி வழுக்கும். வெறுங்காலோடு வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் செருப்பு ஒன்றை வீட்டுக்குள் மட்டும் போட வைத்துக்கொள்ளுங்கள்.